மூப்பெய்திய பூனைகள்

அனந்தபுரம் போன்ற சிற்றூர்களில், மழையில் நனைந்து கதறும் பூனைக்குட்டியை இல்லத்திற்கு எடுத்துவருதல் எளிது. அது மூப்பெய்திய காலத்தும் பேணுதலே அரிது. கலாக்ஷேத்திரம் நிறுவிய ஸ்ரீமதி ருக்மிணி தேவியின் முயற்சியால் எழுந்த 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டம், பசியால் வருந்தும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதலைக் குற்றமென்கிறது. ஆயினும் வீட்டினுள்ளேயே கைவிடுதலும் உண்டு.

பூனை தன் நோயை மறைக்கும் இயல்பினது. மூப்பில் சிறுநீரகம் தளர்ந்தால் மிகுதியாய் நீர் பருகும், உடல் மெலியும், பல்நோயுற்றால் உணவை விட்டு ஒதுங்கும். இருபது பூனைகள் ஒரே தட்டில் உண்ணுமிடத்து, உண்ணாத ஒன்றை யார் காண்பார்? ஆதலின் தனித்தனியே உணவிட்டு, ஒவ்வொன்றையும் நாடோறும் நோக்குதல் வேண்டும்.

அங்ஙனம் நோக்க இயலும் தொகையே நாம் ஏற்கத்தக்க தொகை. அன்பர்களே, புதிதாய் ஒன்றை ஏற்குமுன், முன்வந்தவற்றின் முதுமையைச் சற்றே எண்ணிப் பார்ப்பீராக!