தாயைக் காவாத விதி சேயைக் காக்குமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

எங்கள் வீட்டிற்குப் பூனை ஒன்று தினமும் தனியே வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகும். அதைக் கோணியில் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிட எண்ணினேன். பள்ளிக்கூட வாசலையே மிதித்தறியாத என் தாய் தடுத்தார். "ஒத்தையா வருதேன்னு பாக்காதடா, வயித்தைப் பாரு. பால் கட்டியிருக்கு" என்றார். மறுநாள் வைக்கோற்போரின் இடுக்கில் மூன்று குட்டிகளைக் கண்டேன்!

அமெரிக்காவின் வேட்டை விதிகளைப் பற்றிப் படித்தபோது அச்சொல்லே என் நினைவுக்கு வந்தது. அங்குள்ள பெரிய காட்டுப்பூனை, மலைச்சிங்கம் எனப்படும் பூமா. கொலராடோ, மான்டானா போன்ற மாநிலங்களில் உரிமம் பெற்று அதனை வேட்டையாடலாம். ஆனால் உடலில் புள்ளியுள்ள குட்டியையோ, அத்தகைய குட்டியோடு செல்லும் தாயையோ கொல்லக் கூடாது. நல்ல விதிதான், மறுப்பார் யார்?

எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தாய்ப் பூமா இரை தேடப் போகையில் குட்டிகளைப் பாறை இடுக்கிலோ புதரிலோ மறைத்துவிட்டுத் தனியேதான் செல்கிறது. வேட்டை நாய்கள் அதனை மரத்தில் ஏற்றிவிடுகின்றன. வேடன் கண்ணுக்குக் குட்டி தெரிவதில்லை, சுட்டுவிடுகிறான். விதி மீறப்படவில்லை, ஆனால் பாலுக்குக் காத்திருக்கும் குட்டிகளின் கதி என்ன? ஓராண்டுக்கு மேல் தாயை அண்டி வாழும் இனமன்றோ அது! ஆண்டின் எம்மாதத்திலும் குட்டி ஈனுவதால், சில மாதங்கள் மட்டும் வேட்டையை நிறுத்துவதும் முழுக் காவல் ஆகாது.

கலிபோர்னியா மக்கள் 1990இல் வாக்களித்துப் பூமா வேட்டைக்கே முற்றுப்புள்ளி வைத்தனர். கொலராடோ வாக்காளர்களோ 2024இல் அத்தகைய தடையை ஏற்கவில்லை. வேட்டை தொடரும் இடங்களிலாவது விதி செம்மையுற வேண்டாமா? கொலராடோவில் பூமா வேடர்கள் ஆண், பெண் வேறுபாடு அறியப் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதுகின்றனர். மான்டானாவில் பெண் பூமாக்களுக்குத் தனி வரம்பு உண்டு. இவையே சரியான திசை. மரத்திலிருப்பது பெண் என்றால் சுடாது திரும்புவதே விதியாக வேண்டும் என்பேன்.

ஆடு வளர்த்து என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பம் எங்களுடையது. கால்நடையை இழந்தவர் துயரம் அறியாதவனல்லன் நான். ஆட்டைத் தின்ற விலங்கை அடக்குவது வேறு. பொழுதுபோக்கிற்காகச் சுடுவது வேறு.

நண்பர்களே! குட்டியைக் கண்ணால் கண்டால்தான் இரக்கம் என்பது அரைகுறை இரக்கம். காணாத குட்டியையும் எண்ணிப் பார்ப்பதே அறிவு. அதை எனக்கு முதலில் கற்பித்தது விலங்கியல் நூலன்று; என் தாயே!