நான்கு பட்டிகள் போதுமா?

துபாய் ஓட்டத்தளத்தில் 2025 ஜனவரி 7ஆம் திகதி, பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் போர்ஷே கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றதையும், அவர் காயமின்றி இறங்கி வந்ததையும் உலகத் தமிழர் பலரும் கைபேசியில் பார்த்திருப்பார்கள். அடுத்த மாதமே ஸ்பெயினின் வலென்சியாவில் அவருடைய கார் உருண்டது. அப்போதும் எழுந்து வந்தார். இவ்விரு காட்சிகளிலிருந்தும் நம் இளைஞர் சிலர் பெற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: பந்தயக்காரர் பூட்டும் ஹார்னஸ் ஆளைக் காப்பாற்றுகிறது, ஆகவே கம்பனி தந்த ஆசனப் பட்டியைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டுவோம். இந்தப் பாடம் பிழையானது என்பதே என் கட்சி.

எங்கள் கரவனெல்லப் பக்கத்து வீதியை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவருவது எளிதில் விளங்கும். அவிசாவளையிலிருந்து வரும் ஏ7 வீதியைக் கேகாலை வீதி வந்து சந்திக்கும் இடம் அது. அங்கிருந்து எட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஹட்டனுக்கு ஏற வேண்டும். ஒரு பக்கம் களனி கங்கை, மறுபக்கம் இறப்பர்த் தோட்டம். வளைவுக்கு வளைவு முச்சக்கரவண்டி, கொழுந்து லொறி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஏப்ரலில் நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி பார்க்கவும் அதில் ஓடவும் கொழும்பிலிருந்து புறப்படும் கார்களில் பல இந்த வழியாகத்தான் போகின்றன.

உறவுக்காரப் பையன் ஒருவன் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரையில் தனியார் கார்களுக்கு வழி அடைபட்டிருந்தமையால் பழைய கார்களே பொன்னாகிவிட்ட நாடு இது. அவனுடைய காரின் பட்டி இழுபடவும் மறுத்தது, சுருளவும் மறுத்தது. அசல் பட்டிக்கு விலை கேட்டான். அதைவிட மலிவாக நான்கு பட்டி ஹார்னஸ் ஒன்று பளபளப்பான நிறத்தில் கிடைத்தது. கராஜில் பின்னாசனத் தரையின் போல்ட்டுகளில் தோள்பட்டிகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மோட்டார்ப் பந்தயச் செய்திகளும் சிலகாலம் எழுதியவன் நான் என்பதால், "எப்படி மாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

மூன்று முனைப் பட்டியை 1959இல் வொல்வோ கம்பனிக்கு வடிவமைத்துக் கொடுத்தவர் நில்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியியலாளர். அந்த உரிமத்தை வொல்வோ மற்றக் கம்பனிகளுக்கும் திறந்துவிட்டது. பார்க்க வெறும் நாடா. இன்றைய கார்களில் அதற்குள் பல பொறிகள் உள்ளன. சாதாரண வேளையில் நாம் குனியவும் எட்டிப் பார்க்கவும் இடம்தரும் சுருள். மோதல் தொடங்கிய கணத்திலேயே தொய்வை இழுத்துவிடும் ஒரு சிறு வெடிப்பொறி. நெஞ்சில் விழும் சுமை எல்லை மீறும்போது கொஞ்சம் இளகிக்கொடுக்கும் இன்னொன்று. அந்த இளக்கத்தில் உடல் முன்னே போய் எயார் பேக்கில் சாயும். பட்டியும் பையும் ஒன்றுக்கொன்று கணக்கிட்டுச் செய்யப்பட்ட சோடி.

ஹார்னஸில் அந்த இளகும் பொறி இல்லை. அது மார்பை ஆசனத்தோடு கட்டிவிடும், தலையைக் கட்டாது. ஆகவே முன்னே பாயும் தலையின் பாரம் முழுவதும் கழுத்தில் விழும். 2001 பெப்ரவரி 18ஆம் திகதி அமெரிக்காவின் டேட்டோனாவில் டேல் ஏர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தபின்தான் கழுத்துக் காப்பின் அவசியம் அங்கே பலருக்கும் உறைத்தது. ரொபர்ட் ஹப்பார்ட் என்ற பேராசிரியர் 1980களிலேயே உருவாக்கியிருந்த 'ஹான்ஸ்' கழுத்துக் காப்பு 2003இல் போர்முலா 1இல் கட்டாயமாயிற்று. அஜித் போன்ற பந்தயக்காரர்களின் பாதுகாப்பு ஹார்னஸோடு முடிவதில்லை: ஹெல்மெட், அதனோடு இணைத்த கழுத்துக் காப்பு, கிண்ணம்போன்ற ஆசனம், காரைச் சுற்றிய இரும்புக் கூடு எல்லாம் சேர்ந்த ஒரே ஏற்பாடு அது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு கேகாலைச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிறவர் யார்?

நிற்க. நான்கு பட்டிக்கு இன்னொரு குறை உண்டு. மோதலில் தோள்பட்டிகள் இறுகும்போது இடுப்புப் பட்டியை மேலே இழுத்துவிடும். அது இடுப்பெலும்பைவிட்டு வயிற்றில் ஏறும். உடல் அடியால் வழுகும். ஈரலும் குடலும் நசியும். அதைத் தடுக்கத்தான் தொடைகளுக்கிடையே ஐந்தாவது, ஆறாவது பட்டிகள். சேலை உடுத்த தாயையோ, சாரம் கட்டிய தகப்பனையோ பக்கத்து ஆசனத்தில் ஏற்றும் நம்மவர்கள் அதை எப்படிப் பூட்டுவார்கள்? பூட்டாமல் தொங்கவிடுவார்கள், ஆறு பட்டி மறுபடி நான்காகிவிடும். (ஜெர்மனியின் ஷ்ரோத் கம்பனி இந்த வழுகலைத் தடுக்கத் தோள்பட்டி ஒன்றில் மட்டும் இளகும் மடிப்பு வைத்து, வீதிப் பாவனைக்கென நான்கு பட்டி செய்கிறது. குறிப்பிட்ட கார்களுக்கு, குறிப்பிட்ட ஆசனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.)

பையனின் காரில் எனக்கு அச்சமூட்டியது தரை போல்ட்டுத்தான். தோள்பட்டி ஏறக்குறையத் தோள்மட்டத்திலேயே பின்னால் போக வேண்டும். செங்குத்தாகக் கீழிறங்கித் தரையைப் பிடித்தால், மோதலில் அது மார்பைப் பின்னே பிடிப்பதற்குப் பதிலாகத் தோளைக் கீழே அமுக்கும். முள்ளந்தண்டு அதைத் தாங்க வேண்டும். சர்வதேச விதி 45 பாகைக்குமேல் சரிவை அனுமதிப்பதில்லை. சரி, இரும்புக் குழாய் போட்டு உயர்த்துவோம் என்றால், ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பின்னால் அந்தக் குழாயே சம்மட்டி. குழாய் மட்டும் போட்டுக் கூடு போடாவிட்டால், கார் கவிழ்ந்து கூரை அமுங்கும்போது நிமிர்த்திக் கட்டப்பட்ட மனிதர் சாயவும் இடமில்லை.

மலைப்பாதையில் வேறு சங்கடங்களும் உண்டு. கட்டுண்டவர் முச்சந்தியில் முன்னே குனிந்து வலம் இடம் பார்க்க இயலாது. ஆகவே தோள்பட்டியைத் தளர்த்தி ஓட்டுவார். தளர்ந்த ஹார்னஸ் சாதாரணப் பட்டியிலும் கேடு. கவிழ்ந்த காருக்கு முதலில் ஓடிவருபவர் பால்வெட்டும் தோட்டத் தொழிலாளியாகவோ முச்சக்கரவண்டிச் சாரதியாகவோ இருப்பார். 1990 அம்புலன்ஸ் வரும்வரை அவர்கள்தாம் வைத்தியர். சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பட்டியைக் கழற்ற அவர்களுக்குத் தெரியும். திருகிக் கழற்றும் வட்டப் பூட்டை எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

பந்தயம் ஓடுவதை நான் எதிர்க்கவில்லை. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் 7 உயிர்களைக் கொண்டுபோன பின்னும், விதிக்குட்பட்டு நடத்தப்படும் போட்டியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஹார்னஸ் வேண்டுமானால் முழு ஏற்பாடும் வேண்டும். அத்தகைய கார் ஓடுதளத்துக்கு லொறியில் போவதே முறை. வீதியிலும் ஓட்டுவதென்றால் கம்பனிப் பட்டியைக் கழற்றாமல் வைத்திருங்கள். இரண்டையும் வைக்கும் செலவு, பட்டியையும் பையையும் கழற்றும் கூலியைவிடக் கூடுதல்தான்.

கடைசியாக, பழைய கார் வாங்குவோர் கவனிக்க ஒன்று. பட்டியின் வெடிப்பொறியைக் கழற்றினால் முன்பலகையில் எயார் பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். அதை அணைக்க வயரில் ஒரு சிறு மின்தடையைச் செருகிவிடுகிறார்கள். விற்கும்போது ஹார்னஸை எடுத்துவிட்டு ஏதோவொரு பட்டியை மாட்டினால் எல்லாம் ஒழுங்காயிருப்பதுபோல் தோன்றும். ஆகவே முற்பணம் கொடுக்குமுன் பட்டியை இறுதிவரை இழுத்து அதன் லேபலில் உள்ள ஆண்டைப் பாருங்கள். சுருள் இருக்கும் மூடியைக் கழற்றி வயர் இணைப்பைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.