பி.டி. பீரியடும் டிசம்பர் ரெண்டும்

பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே எப்படி நடக்கும்? எல்லோருக்கும் தெரிந்ததுதான். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு, சாமியானா, மைக் செட், சிவப்பு நீலம் பச்சை மஞ்சள் என்று நாலு ஹவுஸ் கொடி. தலைமை விருந்தினர் ஒரு மணி நேரம் லேட். மார்ச் பாஸ்ட் முடிந்ததும் நூறு மீட்டரில் எட்டு பேர் ஓடுவார்கள். ரிலேயிலும் அதே எட்டு பேர். நீளம் தாண்டுதலில் அந்த எட்டு பேரில் நாலு பேர். மீதி எண்ணூறு பேர் வெயிலில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். சாயங்காலம் ஒரு பையன் ஐந்து கோப்பையோடு வீட்டுக்குப் போவான்.

இதற்குப் பெயர் விளையாட்டு விழா. ஆனால் அந்த எண்ணூறு பேருக்கு இது வேடிக்கை பார்க்கும் விழா!

புதுச்சேரியில் ஒரு பள்ளி இதை வேறு மாதிரி செய்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் பள்ளிதான். வெளியூர்ப் பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் எல்லோரும் மைதானத்துக்குப் போக வேண்டும். நன்றாக ஓடுகிறவன், ஓடத் தெரியாதவன் என்ற பேதம் இல்லை. வயதுவாரியாகக் குழுக்கள். ஓட்டம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், புட்பால், ஹாக்கி, பாஸ்கெட்பால், ஆசனம் என்று வருடம் முழுக்க மாறி மாறி வரும். புட்பால் பிடித்தவன் நீச்சலையும் கற்றாக வேண்டும். நீச்சலில் புலியாக இருப்பவள் ஓட்டத்தில் கடைசியாக வந்தாலும் ஓடித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பள்ளியின் பெரிய நாள் டிசம்பர் 2. 1943ல் பள்ளி தொடங்கிய தேதி அது. அன்றைக்கு உடற்பயிற்சி நிகழ்ச்சி நடக்கும். சின்னக் குழந்தைகள் முதல் நரைத்த தலைகள் வரை ஒரே மைதானத்தில் இறங்குவார்கள். யார் முதல், யார் இரண்டாவது என்ற பேச்சு அன்றைக்குக் கிடையாது.

தேதியைக் கவனியுங்கள். டிசம்பர் 2 என்றால் கார்த்திகை மாதம், அடைமழைக் காலம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இப்படிப்பட்ட பருவத்தில் திறந்தவெளி நிகழ்ச்சிக்குப் பழகுவது என்றால், வானத்தைப் பார்த்துக்கொண்டே பழக வேண்டியதுதான். மற்ற பள்ளிகளில் மழைக்காலம் வந்தால் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியட். அங்கே மழைக்காலத்தின் நடுவில்தான் வருடத்தின் முக்கிய நாளே வருகிறது.

இதன் பின்கதை சுவாரஸ்யமானது. அரவிந்தர் ஒன்றும் விளையாட்டு வீரர் அல்ல. லண்டனில் படித்து 1890ல் ஐ.சி.எஸ். தேர்வில் தேறியவர். ஆனால் குதிரையேற்றப் பரீட்சைக்குப் போகாததால் 1892ல் வேலை கைநழுவிப் போனது. இப்படி குதிரை ஏறாதவர்தான் 1949ல் ஆசிரமம் ஆரம்பித்த உடற்கல்விப் பத்திரிகையின் முதல் இதழில் விளையாட்டின் பெருமையை எழுதினார். நடுவர் முடிவை மனதார ஏற்பது, எதிராளியிடம் நட்போடு இருப்பது, ஜெயித்தாலும் தோற்றாலும் நிதானம் இழக்காமல் இருப்பது என்று அவர் அடுக்குகிற குணங்களில் பதக்கம் என்பதே இல்லை.

அன்னை இன்னும் ஒரு படி மேலே. பாரிஸில் பிறந்தவர். எழுபது வயதை ஒட்டி டென்னிஸ் ராக்கெட்டை மீண்டும் கையில் எடுத்து, எண்பது வயது வரை ஆடினார். பெண் பிள்ளைகளுக்கு ஷார்ட்ஸ் போட்டு ஆண் பிள்ளைகளோடு சேர்த்தே பயிற்சி கொடுத்தார். அது 1940களின் இறுதி! இன்றைக்கும் எத்தனை பள்ளிகளில், பெரிய பெண் ஆகிவிட்டாள் என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண்ணின் ஓட்டம் நின்றுபோகிறது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும்.

எதிர்ப்பு இல்லாமல் நடந்ததா? இல்லை. தியானம் செய்ய வந்த இடத்தில் பந்து விளையாட்டு எதற்கு என்று ஆசிரமத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. விளையாட்டு சாதகர்களுக்குக் கட்டாயம் இல்லை, யோகத்துக்கு அது மாற்றும் இல்லை என்று அரவிந்தரே கடிதத்தில் விளக்க வேண்டியிருந்தது. 1950 டிசம்பர் 2 வந்தபோது அவர் கடுமையான நோயில் படுத்திருந்தார். அப்போதும் பிள்ளைகளின் நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. மூன்றாம் நாள், டிசம்பர் 5ல் அவர் காலமானார்.

சரி, இதெல்லாம் அழகான கதை. இப்போது எதிர்க்கேள்விகள்.

முதல் கேள்வி: "அங்கே பரீட்சை கிடையாது, டிகிரி கிடையாது. ஓடமாட்டார்களா என்ன?" நியாயமான கேள்விதான். அந்தப் பள்ளி பட்டமோ சான்றிதழோ தருவதில்லை. கட் ஆஃப் பயம் இல்லாத பிள்ளைக்குச் சாயங்காலம் சும்மா கிடைக்கிறது. ஆனால் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் பொதுத்தேர்வு உண்டு. ஏற்காடு மான்ட்ஃபோர்டிலும் உண்டு. 1858லும் 1917லும் தொடங்கிய இந்தப் பள்ளிகளின் பெயரைச் சொன்னாலே மைதானமும் சேர்ந்துதானே ஞாபகத்துக்கு வருகிறது? பரீட்சையும் பந்தும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும்.

இரண்டாவது கேள்வி: "அதெல்லாம் பணக்காரப் பள்ளி சமாச்சாரம்." இதிலும் உண்மை இருக்கிறது. புட்பால் விதிகளின் வேரே இங்கிலாந்துப் பணக்காரர்களின் போர்டிங் பள்ளிகளில்தான் இருக்கிறது. ஈட்டன், ஹாரோ, ரக்பி என்று ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு விதி வைத்திருந்தது. 1848ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் உட்கார்ந்து பொது விதி எழுதிப் பார்த்தார்கள். 1863ல் லண்டனில் புட்பால் அசோசியேஷன் வந்தது. ரக்பி பள்ளியைப் பார்த்து அசந்துபோன பிரெஞ்சுக்காரர் கூபர்தான்தான் 1896ல் ஒலிம்பிக்ஸ் நடக்கக் காரணமாக இருந்தார். ஆனால் அதே பள்ளிகளில் விளையாட்டில் கெட்டிக்காரன் ராஜா, வராதவன் கேலிப்பொருள் என்ற வழக்கமும் வளர்ந்தது. ஸ்போர்ட்ஸ் டேயின் அந்த எட்டு பேர் கதை அங்கிருந்து வந்த சீதனம்தான். எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு விட வேண்டியதை எடுத்துக்கொண்டோம்!

ஓடுவதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு மைதானம், ஒரு மணி நேரம், ஒரு விசில் போதும். இதில் போர்டிங் பள்ளிக்கு மட்டும் கிடைக்கிற பெரிய சொத்து நேரம். டே ஸ்கூல் பிள்ளை நாலு மணிக்குப் பஸ் பிடிக்க ஓடுகிறான். ஹாஸ்டல் பிள்ளையின் இருபத்து நாலு மணி நேரமும் பள்ளியின் கையில்.

அந்தச் சொத்தை என்ன செய்தோம்? நாமக்கல், ராசிபுரம் பக்கம் போனால் தெரியும். கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன ஊர்கள். அங்கே எழுந்த பல ரெசிடென்ஷியல் பள்ளிகளுக்கு ஜனங்களே பிராய்லர் பள்ளி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். விடிவதற்கு முன் ஸ்டடி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் ஸ்டடி, நடுவில் டெஸ்ட். 2017ல் தமிழ்நாடு அரசு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. போர்டில் ஸ்டேட் ஃபர்ஸ்ட் போட்டோ போய் நீட் மார்க் போட்டோ வந்தது. சாயங்காலம் மட்டும் பிள்ளைகளுக்குத் திரும்பி வரவில்லை.

காமர்ஸ் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு விதி மனப்பாடம்: குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. முதல் ஆரஞ்சு இனிக்கும், ஐந்தாவது ஆரஞ்சு திகட்டும். படிப்புக்கும் இது பொருந்தாதா? காலையில் படித்த முதல் மணி நேரம் மண்டையில் ஏறும். பன்னிரண்டாவது மணி நேரத்தில் கண் புத்தகத்தில் இருக்கும், மனசு எங்கோ இருக்கும். அந்தப் பன்னிரண்டாவது மணி நேரத்தை மைதானத்துக்குக் கொடுத்தால் நஷ்டம் என்ன? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கொடுக்காவிட்டால்தான் நஷ்டம். அது உடனே கணக்கில் வராது, நாற்பது வயதில் டாக்டர் பில்லாக வரும்.

உலக சுகாதார நிறுவனம் வளரும் பிள்ளைகளுக்கு தினம் 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது. 2019ல் அது 146 நாடுகளின் கணக்கை வெளியிட்டபோது, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை என்று தெரிந்தது. விதிமுறைக்கும் பஞ்சமில்லை. 2018ல் சி.பி.எஸ்.இ. 9 முதல் 12ம் வகுப்பு வரை தினமும் ஒரு விளையாட்டு பீரியட் கட்டாயம் என்றது. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் பகிரங்கமாகவே கேட்டுக்கொண்டார். ஒரு அமைச்சர் வாய்விட்டுக் கேட்க வேண்டிய நிலை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பித் தராத கடனுக்குப் பெயர் வேறு அல்லவா?

ஐப்பசி மழையில் சேறான மைதானத்தில் புட்பால் ஆடிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பந்து சேற்றில் நின்றுவிடும். கெட்டிக்காரனின் டிரிப்ளிங் எடுபடாது. எல்லோரும் விழுவார்கள், எல்லோரும் எழுவார்கள். அன்றைக்கு டீமில் இருபத்திரண்டாவது ஆளாகச் சேர்க்கப்பட்ட பையனும் ஒரு கோல் போட்டுவிடுவான். அந்தக் கோலை அவன் கிழவனாகும் வரை மறக்கமாட்டான். கோப்பை ஐந்தும் வாங்கியவனுக்கு ஐந்தும் ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆசிரமப் பள்ளியை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அதன் தத்துவம் வேறு, அங்கே படிக்கிற பிள்ளைகளும் பெரும்பாலும் ஆசிரமத்தோடு தொடர்புள்ள குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். ஆனால் மூன்று விஷயங்களை யாரும் கடன் வாங்கலாம். ஒன்று, பத்தாவதும் பன்னிரண்டாவதும் உட்பட எல்லா வகுப்புக்கும் தினம் ஒரு மணி நேரம் மைதானம். இரண்டு, ஸ்போர்ட்ஸ் டேயில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியில் இடம். மூன்று, பெண் பிள்ளைகளுக்கும் அதே மைதானம், அதே நேரம்.

ஹாஸ்டலில் பிள்ளையைச் சேர்க்கப் போகிற அப்பா அம்மா எல்லாம் விசாரிக்கிறார்கள். ரிசல்ட் எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு, சாப்பாடு எப்படி, ஏ.சி. உண்டா. இன்னும் ஒரே ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்: "சாயங்காலம் நாலரை மணிக்குப் பிள்ளைங்க எங்கே இருப்பாங்க?"

பதிலை ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து கேட்க வேண்டாம். நாலரை மணிக்கே போய் நேரில் பார்த்துவிடட்டும்.