நீண்ட ஃபோர்க் அல்ல, உராயாத ஃபோர்க்

மலைச் சைக்கிளின் முன் ஃபோர்க் எவ்வளவு அதிகம் அமுங்குகிறதோ, அவ்வளவு கட்டுப்பாடு கிடைக்கும் என்பது ஓட்டுநர்களிடையே ஊறிப்போன நம்பிக்கை. 120 மில்லிமீட்டர் ஃபோர்க் முரடாகத் தெரிந்தால் 150 வாங்குவதும், அதுவும் போதாவிட்டால் 170 தேடுவதும் வழக்கமாகிவிட்டது. இந்த நம்பிக்கை தவறானது, பணத்தையும் விழுங்குவது. பாதையில் பிடி நழுவுவது பெரும்பாலும் அமுக்கத்தின் முதல் சில மில்லிமீட்டரில்தான். அங்கே ஆட்சி செய்வது உராய்வு.

ஃபோர்க்கின் மேற்குழாய் கீழ்க்காலுக்குள் சறுக்கி இறங்குகிறது. அசையாமல் நிற்கும் குழாயை நகர்த்த, நகரும் குழாயைத் தொடர்ந்து நகர்த்துவதைவிட அதிக விசை வேண்டும். ஒரு சிறு வேர் கொடுக்கும் அடி அந்த வரம்பைத் தாண்டாவிட்டால் ஃபோர்க் அசைவதே இல்லை. அடி நேரே கைப்பிடிக்கு ஏறுகிறது, சக்கரம் துள்ளுகிறது, துள்ளிய கணத்தில் டயருக்குப் பிடி கிடையாது. மிச்சமிருக்கும் 160 மில்லிமீட்டரால் அப்போது பயனில்லை. வேகத்துக்கு ஏற்ப எதிர்ப்பைக் கூட்டிக் குறைப்பது டேம்பரின் வேலை. உராய்வு அப்படி இணங்காது. எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

உராய்வின் முதன்மைக் காரணம் வளைவு விசை. ஃபோர்க் சாய்ந்து நிற்பதால் தரையின் அடி குழாயின் நேர்க்கோட்டில் வருவதில்லை. மேற்குழாய் சறுக்கிச் செல்லக் கீழ்க்காலுக்குள் இருக்கும் இரண்டு வளையங்களும், அதாவது புஷ்களும், அதை எதிரெதிர்ப் பக்கங்களில் அழுத்துகின்றன. மேசை இழுப்பறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் இறுகிக்கொள்வதைப் போன்றது இது. மேல் புஷ் சக்கர அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்திலும் கீழ் புஷ் 20 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். அச்சில் விழும் பக்கவிசையைப் போல் கீழ் புஷ் 3 மடங்கும் மேல் புஷ் 2 மடங்கும், ஆக 5 மடங்கு அழுத்தம் தாங்கும். கீழ் புஷ்ஷை 15 சென்டிமீட்டருக்கு இறக்கினால் மொத்தம் 3 மடங்காகக் குறையும்.

நீளத்தை நம்புவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. மேற்குழாய் இறங்குவதற்குக் கீழ் புஷ்ஷுக்கு அடியில் இடம் விட்டாக வேண்டும். அமுங்கும் தூரம் கூடக் கூட, அதே அளவு கீழ்க்காலில் புஷ்கள் நெருங்கியே தீரும், உராய்வும் ஏறும். கீழ்க்காலை நீட்டி ஈடுகட்டினால் கைப்பிடி உயர்ந்து வண்டியின் வடிவமைப்பே மாறும்.

நல்ல ஃபோர்க்கின் தரம் உராய்வை எப்படிக் குறைக்கிறது என்பதில் இருக்கிறது. தடித்த மேற்குழாய் வளைவைக் குறைக்கும். ஃபாக்ஸின் கஷிமா பூச்சு, கடின அனோடைஸ் பரப்பின் நுண்துளைகளில் வழுக்கும் மாலிப்டினம் டைசல்பைடை நிரப்புகிறது. அதே நிறுவனத்தின் மிதக்கும் அச்சு, ஹப்பின் அகலத்துக்கு ஏற்பக் கால்களை இணையாக நிறுத்துகிறது. நீளம் குறைந்த ஃபோர்க்கும் வெல்லும். 1989இல் வெளிவந்த ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 அமுங்கியது 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் 1990இல் டுராங்கோவில் நடந்த முதல் மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குடன் இறக்கப் பந்தயத்தை வென்றார்.

முரட்டு ஃபோர்க்குக்குக் காற்றை இறக்கினால் போதும் என்பது இன்னொரு தவறு. காற்றின் தாங்குவிசை குறைய, உராய்வு மட்டும் அப்படியே நிற்கிறது. விளைவு: பிரேக் பிடித்ததும் முன்பக்கம் குப்புறச் சாயும், சிறு வேர்களிலோ முரடு அப்படியே தொடரும்.

தம்போய் போன்ற ஜொகூர் பாரு வட்டாரத்துக்கு இது இன்னும் பொருந்தும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நிலத்தில், செம்பனைத் தோட்டச் செம்மண் சேறு சீல்களின் உதட்டில் அப்பிக்கொள்ளும். உள்ளே போன மண் எண்ணெயோடு கலந்து புஷ்களைத் தேய்க்கும். துரு நீக்கும் ஸ்பிரேயை மேலே அடிப்பது கிரீஸைக் கழுவிவிடுமே தவிர நீடித்த உயவு தராது. ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்காலைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறது. மழைச் சேற்றில் ஓடும் வண்டிக்கு அதையும் முந்திச் செய்வதே முறை. சீல்களுக்கு அடியிலுள்ள நுரை வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து, அளவாகப் புதிய எண்ணெய் ஊற்றி, அச்சைக் குறித்த இறுக்கத்துக்கு மேல் முறுக்காமல் பூட்டினால், பழைய 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கே மீண்டும் வேர்களைத் தொடர்ந்து பிடிக்கும். நீண்ட ஃபோர்க்குக்குச் செலவிடும் முன் செய்ய வேண்டியது இதுதான்.