சந்தையில் வாங்கும் பசுவுக்குக் காசநோய்ப் பரிசோதனை வேண்டும்

திங்கட்கிழமை அமராவதிபாளையம் சந்தைக்கோ, வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கோ போய்ப் பசு வாங்கியிருப்பீர்கள். பல்லைப் பார்ப்போம், சுழி பார்ப்போம், காம்பைப் பீய்ச்சிப் பார்ப்போம். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். அந்தப் பசுவுக்குக் காசநோய் இருக்கிறதா என்று மட்டும் நாம் கேட்பதில்லை. கேட்டாலும் விற்பவருக்கே அது தெரிந்திருக்காது. ஒரு கிலோ விதை வாங்கும்போது சான்று அட்டையைப் புரட்டிப் பார்க்கும் நாம், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் பசுவுக்கு ஒரு சான்றும் கேட்பதில்லை.

நான் பயிர்களைப் படித்தவன், கால்நடை மருத்துவன் அல்லன். ஆனால், தீவனப் பயிர் வேலையாகப் போகும் தோட்டங்களில் முதலில் கண்ணில் படுவது கட்டுத்தரைதான். திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டில் ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போவார். இன்னொருவர் இரண்டு, மூன்று பசுக்களைப் பார்த்துக்கொள்வார். தண்ணீர் இல்லாத வருடத்தில் அந்தப் பால் பணம்தான் வீட்டைத் தாங்கும். பாலில் ஒரு பகுதி சொசைட்டிக்குப் போகிறது. ஒரு பகுதி கறந்த சூட்டோடு பக்கத்து லைன் வீடுகளுக்குப் போகிறது. எனவே, மாட்டுக் காசநோய் கட்டுத்தரையோடு நிற்கும் விஷயம் அல்ல.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

இந்தியாவில் பல ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதன்படி நம் மாடுகளில், எருமைகளையும் சேர்த்து, சுமார் 7.3 சதவீதத்துக்கு இந்த நோய்த் தொற்று இருக்கலாம். எண்ணிக்கையில் ஏறத்தாழ 2 கோடியே 18 லட்சம். இது நாடு முழுவதற்குமான சராசரி. உங்கள் ஊரில் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம்.

நோய் வந்த மாடு பல மாதங்கள், சில சமயம் ஆண்டுக்கணக்கில், நன்றாகவே தெரியும். தீனி எடுக்கும், பால் கறக்கும். பிறகுதான் உடல் மெலிவது, விட்டுவிட்டு இருமுவது, கழுத்துப் பக்கம் நெறி கட்டுவது போன்ற அறிகுறிகள் தெரியும். அதற்குள் அதன் மூச்சுக்காற்று வழியாகவும், பொதுத் தாழியிலும் தீவனத் தொட்டியிலும் படும் சளி வழியாகவும் அடுத்த மாட்டுக்குப் போயிருக்கும். கன்றுக்குப் பால் வழியாகவும் போகும்.

எந்தக் கிருமி?

பருத்தி போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். காய்ப்புழு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பச்சைக் காய்ப்புழுவா, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவா என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும். மாட்டுக் காசநோயும் அப்படித்தான்.

மாட்டுக்குக் காசநோய் தருவது மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். நம் பகுதியில் நிலைமை வேறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 2018 அக்டோபர் முதல் 2019 மார்ச் வரை வந்த நோயாளிகளிடமிருந்து வளர்த்தெடுத்த 940 மாதிரிகள் மரபணு முறையில் ஆராயப்பட்டன. பெரும்பாலானவை மனிதக் காசநோய்க் கிருமிகள். மாட்டிலிருந்து வந்திருக்கக்கூடிய போவிஸ் ஒன்றுகூட இல்லை. ஆனால், மைக்கோபாக்டீரியம் ஒரிஜிஸ் என்ற வேறொரு கிருமி சிலரிடம் இருந்தது. ஆப்பிரிக்க, அரேபியப் பகுதிகளின் ஒரிக்ஸ் மானிடம் முதலில் கண்டறியப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர். சென்னையில் ஒரு மாட்டிலிருந்து எடுத்த இதே கிருமியின் முழு மரபணு வரிசையும் 2019-இல் வெளியானது. வங்கதேசக் கறவை மாடுகளிலும், நேபாளக் காண்டாமிருகத்திலும் ஒரிஜிஸ் இருந்திருக்கிறது. தெற்காசியாவில் இது பரவலாக இருக்கிறது என்பதற்கு இவை சான்று.

நியூசிலாந்திலிருந்து 2012-இல் வெளியான ஒரு தகவலையும் கவனிக்க வேண்டும். அங்கே காசநோய் வந்த ஒருவரிடமிருந்து ஒரு கறவைப் பசுவுக்கு ஒரிஜிஸ் பரவியது உறுதி செய்யப்பட்டது. அதாவது, மாட்டிலிருந்து மனிதருக்கு மட்டுமல்ல, மனிதரிடமிருந்து மாட்டுக்கும் போகும்.

கிருமியின் பெயர் தெரிந்து விவசாயிக்கு என்ன லாபம்? இரண்டு லாபம் உண்டு. ஒன்று, மருத்துவம். மனிதக் காசநோய்க்குத் தரும் நான்கு முக்கிய மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு, போவிஸ் கிருமியிடம் இயல்பாகவே பலிக்காது. ஒரிஜிஸ் பொதுவாக அதற்குக் கட்டுப்படும். இரண்டாவது, நோய் வந்த வழியைக் கண்டுபிடிப்பது.

கிருமி பெருகும்போது அதன் மரபணுவில் அவ்வப்போது ஒன்றிரண்டு எழுத்துகள் மாறும். ஒரே கட்டுத்தரையில் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிய கிருமிகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். தூரம் கூடக்கூட வேறுபாடும் கூடும். தாராபுரத்து மாட்டிலும் அவிநாசி மாட்டிலும் ஒரே சாயல் கிருமி இருந்தால், சந்தை வழியாக வந்ததோ என்று சந்தேகிக்கலாம். ஊருக்கு ஊர் வேறு வேறு சாயல் இருந்தால், அந்தந்த ஊருக்குள்ளேயே நெடுநாளாகச் சுற்றுகிறது என்று பொருள். கறப்பவரிடமும் பசுவிடமும் ஒரே சாயல் இருந்தால் வீட்டுக்குள்ளேயே பரவுகிறது. பிரிட்டனில் பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்குக்கும் மாடுகளுக்கும் இடையே நோய் இருபக்கமும் போய் வருவதை இப்படித்தான் கண்டறிந்தார்கள்.

மாதிரி ஏன் வருவதில்லை?

இந்த வேலைக்கு மாதிரிகள் வேண்டும். மாடு எங்கிருந்து வந்தது என்ற பதிவும் வேண்டும். பதிவுக்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் மாட்டின் காதில் உள்ள மஞ்சள் வில்லையில் இருக்கும் 12 இலக்க எண்தான் அது. ஆனால், சந்தையில் மாடு கைமாறும்போது அந்தப் பதிவில் உரிமையாளர் பெயரை நாம் மாற்றிக்கொள்கிறோமா?

மாதிரி வராததற்குக் காரணம் வேறு. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்டாலே உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த விவசாயிக்கு என்ன கிடைக்கும்? பால் விற்க முடியாது, மாட்டையும் விற்க முடியாது. கடன் தவணை மட்டும் நிற்காது. அதனால், இருமும் பசு சத்தமில்லாமல் அடுத்த வாரச் சந்தைக்குப் போகிறது. விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உண்மையைச் சொன்னவர் நஷ்டப்படும் ஏற்பாட்டில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

ஆஸ்திரேலியா 1970-இல் தொடங்கி, பரிசோதித்து, நோயுள்ள மாடுகளைக் கழித்து, 1997-இல் இந்த நோயிலிருந்து விடுபட்டது. நம்மிடம் அந்த வழிக்குச் சட்டமும் மனமும் இடம் தராது. வேறு வழி தெரிகிறது. மனிதக் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியை எத்தியோப்பியாவில் கன்றுகளுக்குப் போட்டுப் பார்த்ததில், மந்தைக்குள் நோய் பரவுவதை அது 89 சதவீதம் வரை குறைக்கும் என்று 2024 மார்ச்சில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தடுப்பூசி போட்ட மாடும் பழைய தோல் பரிசோதனையில் நோயுள்ளதுபோல் காட்டும். இரண்டையும் பிரித்துக் காட்டும் புதிய பரிசோதனையும் கூடவே வர வேண்டும்.

2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரிக்கும் புரூசெல்லா கருச்சிதைவு நோய்க்கும் மத்திய அரசுப் பணத்தில் தடுப்பூசி தருகிறது. காசநோயையும் அதில் சேர்க்க வேண்டும். நோய் உறுதியான மாட்டுக்கு இழப்பீடு வேண்டும். சந்தைக்கு வரும் கறவை மாடுகளுக்குப் பரிசோதனைச் சான்று முறை வேண்டும். மனிதக் காசநோயை 2025-க்குள் ஒழிப்பதாக இலக்கு வைத்த நாடு, கட்டுத்தரையை விட்டுவிட்டு அதை அடைய முடியாது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை

புதிதாக வாங்கிய மாட்டை இரண்டு மாதம் தனியாகக் கட்டுங்கள். தாழியும் தீவனத் தொட்டியும் தனியாக இருக்கட்டும். கால்நடை உதவி மருத்துவரிடம் தோல் பரிசோதனை கேளுங்கள். கழுத்துத் தோலில் 0.1 மி.லி. டியூபர்குலின் போட்டு, 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளப்பார். தோல் தடிமன் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் நோய்த் தொற்று என்று கருதுவார்கள். தனிமை முடியும்போது இன்னொரு முறை பரிசோதித்துவிட்டு மந்தையில் சேருங்கள். இந்தப் பரிசோதனை தொற்றைத்தான் காட்டும். எந்தக் கிருமி என்று காட்டாது. அதற்கு ஆய்வகத்துக்கு மாதிரி போக வேண்டும். உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். காய்ச்சினால் கிருமி செத்துவிடும். பச்சைப் பால் விற்பவர்கள் வாங்குபவரிடமும் இதைச் சொல்லுங்கள். நோயுள்ள பசுவின் பாலைக் காய்ச்சாமல் கன்றுக்கும் தராதீர்கள். மனிதக் காசநோய் மாத்திரையை மாட்டுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அது நோயைத் தீர்க்காது. மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் உண்டாக்கும்.

காற்று புகாத தகரக் கொட்டகையில் கலப்பின மாடுகளை நெருக்கிக் கட்டுவது நோய்க்கு வசதி. கொறங்காட்டில் திறந்தவெளியில் மேயும் காங்கேயம் மாட்டுக்கு நோயே வராது என்று சொல்ல முடியாது. ஆனால், மேய்ச்சல் வெளியில் மூச்சு நெருக்கம் குறைவு.

கால்நடைத் துறை, சுகாதாரத் துறைக் களப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் அங்கே மாடு இருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டுக்கு நோய் என்றால் கறப்பவரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பரிசோதனையும் சிகிச்சையும் அங்கே இலவசம். இரண்டு தகவல்களும் ஒரே பதிவேட்டில் சேர்ந்தால்தான் கிருமி வந்த வழி தெரியும்.