மதுரைக் கால்

மதுரை என்றதும் நேயர்களுக்கு மீனாட்சியம்மன் கோயிலும் மல்லிகைப் பூவும் ஞாபகம் வரும். வைத்திய நூல்களிலோ அவ்வூரின் பெயர் ஒரு வியாதிக்கு இடப்பட்டிருக்கிறது. 1842-ம் வருஷத்தில் கில் என்ற வைத்தியர் மதுரைப் பக்கத்தில் உருக்குலைந்த பாதங்களைக் கண்டு எழுதி வைத்தார். 1846-ல் கோல்புரூக் என்பவர் 'மதுரைக் கால்' என்று நாமகரணமே செய்துவிட்டார். ஸுடானிலும் மெக்ஸிகோவிலும் உள்ள வியாதிதான். ஆயினும் பெயர் நம் தலையில் விழுந்தது. பிற்காலத்தில் இதனை உண்டாக்கும் பூஞ்சை ஒன்றுக்கும் 'மதுரெல்லா' என்று பெயர் சூட்டினார்கள். கௌரவம் இரட்டிப்பாயிற்று!

பெயர் போகட்டும், கால் போகிறதே, அதுவன்றோ விஷயம்? வெறுங்காலுடன் காட்டில் நடக்கும் குடியானவனுக்குக் கருவேல முள் தைக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிறான். மண்ணிலிருந்த கிருமி தோலுக்குள் குடியேறிவிடுகிறது. மாதங்கள், சில சமயம் வருஷங்கள் சென்றபின் ஒரு சிறு கட்டி தோன்றுகிறது. அதில் பெரும்பாலும் வலியே இராது. இந்த வலியின்மைதான் வியாதி செய்யும் பெரிய சதி. தேள் கொட்டினால் ஓட்டமாய் ஓடுகிறவர்கள், வலிக்காத கட்டிக்காக ஒரு நாள் கூலியை இழப்பார்களா? பிறகு பாதம் வீங்கிப் புரையோடி, சீழுடன் கடுகினும் பொடியான மணிகள் வெளிப்படும். அதற்குள் எலும்பும் அரிபட்டிருக்கலாம்.

அந்த மணிகளை அலட்சியமாகத் துடைத்தெறியலாகாது. கறுப்பு மணியாயின் பூஞ்சை; மஞ்சளும் சிவப்பும் பாக்டீரியா; வெள்ளை இரண்டிலும் உண்டு. முடிவாகச் சொல்லப் பரிசோதனைசாலைதான் வேண்டும். பாக்டீரியாவாயின் தக்க மருந்துகளால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். பூஞ்சையோ பிடிவாதக்காரன். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மருந்து உண்ண வேண்டும். கத்தியும் வைக்க நேரிடலாம். முற்றிவிட்டால் காலையே எடுக்கும்படி ஆகும்.

உலக சுகாதார ஸ்தாபனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வியாதிகளின் ஜாபிதாவில் சேர்த்தது 2016-ல்! கில் எழுதி 174 வருஷங்களுக்குப் பிறகு. புறக்கணிக்கப்பட்டவற்றின் ஜாபிதாவிலேயே இடம் கிடைக்க இவ்வளவு காலம் பிடித்தது. பட்டணத்துப் பிரபுக்களின் பாதத்தில் வந்திருந்தால் இத்தனை தாமதம் நேர்ந்திராது என்பது நம் அபிப்பிராயம்.

நிலபுலன் உள்ள நேயர்கள், அறுவடைக் கூலியோடு வேலையாட்களுக்கு ஆளுக்கொரு ஜோடி செருப்பும் வாங்கிக் கொடுக்கலாம். எவர் பாதத்திலாவது வலியில்லாத கட்டியைக் கண்டால், அன்றைய கூலியைக் கையில் கொடுத்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.