எதிர்ப் பக்கம்

ஸ்பெயினில் தொலேதோ என்று ஒரு நகரம். குன்றின் மேல் ஊர், மூன்று பக்கமும் ஆறு. கி.பி. 999-ல் கட்டிய மசூதி ஒன்று அங்கே உண்டு. பின்னால் அது தேவாலயமாக்கப்பட்டது. யூதர்களின் பழைய ஜெபாலயங்கள் இரண்டுக்கும் அதே கதி. இன்று மூன்றையும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாம். 1226-ல் கட்டத் தொடங்கிய பேராலயத்தில் பூசை நடந்துகொண்டிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தொலேதோ தாய்வீடு மாதிரி. தாலமியின் வானநூலை 1175-ல் கிரெமோனா ஜெரார்டு அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தது அங்கேதான். உதவிய சமூகங்களில் ஒன்றான யூதர்களை 1492-ல் நாட்டை விட்டே துரத்தினார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு இணை தேடினால் திருச்சிதான். ஆனேக்கல்லிலிருந்து ஓசூர் போய், சேலம், நாமக்கல் வழியாகப் பஸ்ஸில் போய்விடலாம். இடுப்புதான் கொஞ்சம் கேள்வி கேட்கும்.

தெப்பக்குளத்துக்கு அருகே ஸ்வார்ட்ஸ் பாதிரியார் 1766-ல் கட்டிய கிறிஸ்து ஆலயம். பக்கத்திலேயே செயின்ட் ஜோசப் கல்லூரி வளாகத்தில் உயர்ந்து நிற்கும் லூர்து மாதா கோயில். ராமேஸ்வரத்து அப்துல் கலாம் படித்தது இந்தக் கல்லூரியில்தான். சற்றுத் தள்ளி நத்தர்வலி தர்கா. ஆற்காட்டு நவாப் பதவிக்காக அடித்துக்கொண்ட சந்தா சாகிப், முகமது அலி இருவரும் அடங்கியிருப்பது அங்கேதான். 1752-ல் கொல்லப்பட்டார் முன்னவர். பின்னவர் 1795-ல் சென்னையில் இறந்து, உடல் இங்கே வந்து சேர்ந்தது. இவர்களுக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வருடக்கணக்கில் சண்டை போட்டு, காவிரிக் கரையையே சுடுகாடாக்கினார்கள். இப்போது இருவருக்கும் ஒரே ஃபாத்திஹா.

எல்லா இடத்திலும் வழிபாடு நடக்கிறது, யாரும் துரத்தப்படவில்லை, தொலேதோவை விட நாம் மேல் என்று நினைத்துக்கொண்டே மலை ஏறலாம். நானூறுக்கு மேல் படிகள். தாயுமானவரைத் தரிசித்துவிட்டு, உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் வழியில் பல்லவன் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. கங்கையைச் சடையில் ஏந்தும் சிவன் சிற்பத்துக்காகவே ஒரு தடவை ஏறலாம். அங்கே வடமொழியில் கல்வெட்டு. குணபரன் என்று பட்டம் சூட்டிக்கொண்ட அரசன், தான் வேறொரு நெறியிலிருந்து திரும்பியதைச் சிலேடையாகச் சொல்கிறான்.

அதே பாறையின் மேல்பகுதியில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. மகேந்திரனுக்கும் முந்தியவை. படுக்கை இருக்கிறது, படுக்க ஆள் இல்லை. தொலேதோ ஜெபாலயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் உண்டு என்பார்கள் தமிழ் படித்தவர்கள். பெரியபுராணத்தில் அப்பரால் மனம் மாறிய பல்லவ அரசன், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டுகிறான். சேக்கிழார் அரசன் பெயரைச் சொல்லவில்லை. குணபரன் என்ற பட்டத்தை வைத்து, புராணத்தையும் திருச்சிக் கல்வெட்டையும் ஆராய்ச்சியாளர்கள் முடிச்சுப் போட்டார்கள். நானும் எம்.ஏ. பரீட்சையில் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். ஆனால் சேக்கிழார் வாழ்ந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டு. இடையில் ஐந்நூறு வருடம். கல்வெட்டிலோ சமணம் என்ற சொல்லே கிடையாது. எதிர்ப் பக்கத்து நடத்தை என்கிற அர்த்தத்தில் ஒரு தொடர் இருக்கிறது, அவ்வளவுதான். லிங்கம் என்ற சொல்லும் வழிபடும் லிங்கம், அடையாளம், தர்க்க நூலார் பேசும் சான்று என்று பல பொருளில் விளையாடுகிறது. அரசனே 'மத்தவிலாசம்' என்ற கேலி நாடகம் எழுதியவன். கல்லிலும் சாமர்த்தியம் காட்டியிருக்கிறான்.

ஆகவே சமணர் எப்படிப் போனார்கள் என்பதற்கு இந்தக் கல்வெட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. அவர்களை யாரும் தொடவில்லை என்பதற்கும் ஏற்ற முடியாது. பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்.

சென்ற வருடம் ஒரு சுற்றுலாக் கையேடு என்னிடம் தமிழாக்கத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் அந்தத் தொடருக்கு நேராகச் 'சமண மதம்' என்றே போட்டிருந்தார்கள். வாக்கியம் வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் 'எதிர்ப் பக்கம்' என்று மாற்றி, மூலத்தில் மதத்தின் பெயர் இல்லை என்று அடியில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். அச்சாகி வந்த பிரதியில் 'எதிர்ப் பக்கம்' இருக்கிறது. அடியில் இருந்த வரியைக் காணோம். அதைப் படிப்பவர், படிகளில் எதிர்ப் பக்கம் எது என்று தேடுவாரோ என்னவோ.